விசில் யாருடையது? கூடைப்பந்தில் நடுவர்கள் ஃபவுலைப் பங்கிட்டுப் பார்க்கும் முறை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பள்ளிகளுக்கிடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டிக்குப் போனால், ஆட்டம் சூடுபிடித்ததும் ஓரத்திலிருந்து இந்தக் குரல் கேட்கும்: "லேய், போர்டுக்குக் கீழ நிக்க சாரு சும்மா நிக்காரு. அங்க நடுக்கோட்டுல நிக்கவரு ஊதுதாரு. அவருக்கு எப்படிலே தெரிஞ்சுது?"

கேள்வி நியாயமானது. பதில் இதுதான்: பக்கத்தில் நின்ற நடுவருக்கு அந்த நொடியில் அந்த மோதலைப் பார்க்கும் பொறுப்பே இல்லாமல் இருந்திருக்கலாம். அவர் கண் வேறு இரண்டு பேர் மேல் இருந்திருக்கும். இருக்கவும் வேண்டும். கூடைப்பந்தில் நடுவர்கள் பங்கிட்டுக்கொள்வது பார்வையை. இது புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும். புதிதாக விசில் பிடிக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும், ஓரத்தில் நின்று கத்துகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் தூத்தூர், வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில், கால்பந்து பார்த்து வளர்ந்தவர்கள் அதிகம். அந்தப் பழக்கத்தில் கூடைப்பந்து நடுவர்களையும் 'ஒருவர் பெரிய நடுவர், மற்றவர் உதவியாளர்' என்று எண்ணிவிடுகிறார்கள். கால்பந்தில் அது சரி. 105 மீட்டருக்கு 68 மீட்டர் மைதானத்தில் 22 பேர் ஆடினால், ஒருவருக்குச் சுமார் 324 சதுர மீட்டர் இடம் கிடைக்கும். கூடைப்பந்துக் கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதிலும் பெரும்பாலான நேரம் பத்துப் பேரும் ஒரே பாதியில் நிற்பார்கள். அப்போது ஒருவருக்கு 21 சதுர மீட்டர்தான். தோளோடு தோள் உரசும் ஆட்டம் இது. பந்து வலது பக்கம் இருக்கும்போதே இடது பக்கம் ஒருவன் இன்னொருவன் பனியனைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பான். ஒரு ஜோடிக் கண்ணால் இரண்டையும் பார்க்க முடியாது.

இது ஆட்டம் பிறந்தபோதே தெரிந்த விஷயம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே இரண்டு அதிகாரிகள் உண்டு. ஒருவர் ஆட்களைப் பார்த்து ஃபவுல்களைக் குறிக்க வேண்டும். மற்றவர் பந்தைப் பார்த்து, அது ஆட்டத்தில் இருக்கிறதா, யாருக்குச் சொந்தம் என்று சொல்ல வேண்டும். இன்றைய முறை அதைவிட நுட்பமானது. ஆனாலும் ஒருவர் பந்தோடு, ஒருவர் பந்தில்லாத ஆட்களோடு என்ற அடிப்படை மாறவில்லை. நிலையாக ஒருவரே அதைச் செய்யாமல், ஆட்டத்தின் போக்கில் இருவரும் மாறி மாறிச் செய்கிறார்கள் என்பதே வேறுபாடு.

அதிகாரத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி ஒரு ஆட்டத்துக்கு ஒரு தலைமை நடுவரும், அவருடன் ஒன்று அல்லது இரண்டு நடுவர்களும் இருக்கலாம். ஃபவுல் சொல்லும் அதிகாரம் எல்லோருக்கும் சமம். ஒருவர் சொன்ன தீர்ப்பை இன்னொருவர் ஒதுக்கவோ கேள்வி கேட்கவோ விதி இடம் கொடுப்பதில்லை. தலைமை நடுவருக்கென்று சில தனிப் பொறுப்புகள் உண்டு: கருவிகளைச் சரிபார்ப்பது, தொடக்கத்தில் பந்தை மேலே எறிவது, நிலைமை மோசமானால் ஆட்டத்தை நிறுத்துவது, நடுவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டால் முடிவு சொல்வது, கடைசியில் ஸ்கோர் தாளில் கையெழுத்திடுவது. இவற்றைத் தாண்டி, 'பெரிய சாரிடம் முறையிட்டால் சின்ன சாரின் விசில் மாறிவிடும்' என்று பயிற்சியாளர்கள் நினைப்பதற்கு இடமே இல்லை. இந்த நினைப்பை நடுவர்களும் சில நேரம் வளர்த்துவிடுகிறார்கள். வயதில் மூத்தவர் ஊதட்டும் என்று இளையவர் காத்திருப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. அந்தக் காத்திருப்பில் அவர் பார்வையில் இருந்த பாதிக் கோர்ட்டுக்கு நடுவரே இல்லாமல் போகிறது.

இருவர் முறை: லீட், டிரெயில்

மாவட்ட அளவிலும் பள்ளி அளவிலும் நீங்கள் பெரும்பாலும் சந்திக்கப்போவது இருவர் முறையைத்தான். அதனால் அதையே விரிவாகப் பார்ப்போம்.

தாக்கும் அணி முன்னேறும்போது அதற்கு முன்னால் ஓடிப்போய் கூடைக்குக் கீழே, எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர் லீட். ஆட்டத்துக்குப் பின்னால், பந்துக்குச் சற்று இடப்பக்கமாக, 3 முதல் 5 மீட்டர் தள்ளி வருபவர் டிரெயில். இனி இடம், வலம் என்று சொல்வதெல்லாம் டிரெயில் கூடையை நோக்கி நிற்கும் பார்வையில். டிரெயில் இடப்பக்கம் நின்றால் லீட் பெரும்பாலும் கூடைக்கு வலப்பக்கம் நிற்பார். அதாவது இருவரும் மூலைவிட்டமாக எதிரெதிரே நிற்கிறார்கள். பத்து ஆட்டக்காரர்களும் எப்போதும் இந்த இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். யாராவது ஒருவன் இருவர் பார்வைக்கும் வெளியே போய்விட்டால் இடம் தவறிவிட்டது என்று பொருள்.

எல்லைக்கோடுகளைப் பங்கிடுவது எளிது. இடப்பக்கக் கோடும் நடுக்கோடும் டிரெயிலுக்கு. கூடைக்குப் பின்னால் உள்ள கோடும் வலப்பக்கக் கோடும் லீடுக்கு.

ஃபவுலைப் பங்கிடுவதில்தான் சிக்கல். பந்து கோர்ட்டின் மேல்பகுதியில், அதாவது தடுப்பில்லாமல் எறிய நிற்கும் ஃப்ரீ த்ரோ கோட்டை இருபக்கமும் நீட்டினால் அதற்கு மேலே இருக்கும்போது, பந்து வைத்திருப்பவனும் அவனைக் காப்பவனும் டிரெயிலின் பொறுப்பு. இடப்பக்கம் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே மூலைவரை பந்து போனாலும் டிரெயில்தான் பார்க்க வேண்டும். வலப்பக்கம் அந்த நீட்சிக்குக் கீழே பந்து இறங்கினால் பொறுப்பு லீடின் கைக்கு வரும். கூடைக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிப் பந்து வாங்கி ஆடும் போஸ்ட் ஆட்டமும் லீடுக்கே. பந்து இடப்பக்கப் போஸ்ட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் லீட் எல்லைக்கோட்டுக்கு வெளியே நடந்து, கூடைக்கு முன்னால் வரைந்திருக்கும் 4.9 மீட்டர் அகலச் செவ்வகத்தின் இடது விளிம்புவரை வரலாம். அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வலப்பக்கம் முழுக்கக் காலியாகிவிடும்.

இருவர் முறையின் பலவீனமான இடம் வலப்பக்க மேல்பகுதி. அங்கே பந்து போகும்போது டிரெயில் இடக்கோட்டோடு ஒட்டி நின்றால், 15 மீட்டர் அகலத்தின் மறு ஓரத்தில் நடப்பதை எட்டிப் பார்ப்பதாக ஆகிவிடும். நடுவில் நான்கு முதுகுகள் மறைக்கும். லீடும் அதை எடுக்க முடியாது. அவருக்குக் கீழே போஸ்ட் இருக்கிறது. ஒரே வழி, டிரெயில் இடக்கோட்டை விட்டுக் கோர்ட்டின் நடுவரை உள்ளே நடந்து வருவது. புதியவர்கள் கோட்டை விட்டுவரத் தயங்குகிறார்கள், பந்து தன் மேல் பட்டுவிடுமோ என்று. பட்டால் பட்டுப்போகட்டும். தெரியாமல் ஊதுவதும், தெரியாமல் விடுவதும் அதைவிடப் பெரிய சேதம்.

பந்து இல்லாத இடத்தில்

பந்தோடு இருக்கும் நடுவரைவிடப் பந்தில்லாத நடுவருக்குத்தான் வேலை அதிகம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பந்தைச் சுற்றி இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். மற்ற ஏழெட்டுப் பேரும் இன்னொரு நடுவரின் கண்ணில்.

பந்து மேலே டிரெயிலின் பகுதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லீட் அப்போது என்ன பார்க்கிறார்? முதலில் போஸ்ட்டில் இடம் பிடிக்கும் சண்டை: முழங்கையால் தள்ளுகிறானா, இடுப்பால் இடித்து நகர்த்துகிறானா, பின்னாலிருந்து கையைப் பூட்டிக்கொள்கிறானா. அடுத்து ஸ்கிரீன், அதாவது தன் கூட்டாளியைக் காப்பவனின் வழியை மறித்து நிற்பது. ஸ்கிரீன் போடுபவன் அசையாமல், இரு காலும் தரையில் ஊன்றி, தன் உடம்பின் அகலத்துக்குள் நிற்க வேண்டும். எதிராளியின் கண்ணில் படாமல் பின்னால் போட்டால், அவன் திரும்பி ஒரு அடி எடுத்துவைக்க இடம் விட்டிருக்க வேண்டும். ஓடிவருபவனுக்கு எதிரே போட்டால் ஒன்றிலிருந்து இரண்டு எட்டு வைக்கும் தூரம் வேண்டும். கடைசி நொடியில் இடுப்பைத் தள்ளி மோதினால் அது ஃபவுல். பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நடுவருக்கு, மோதி ஒருவன் கீழே கிடப்பது மட்டுமே தெரியும். ஸ்கிரீன் போட்டவன் நகர்ந்தானா, ஓடிவந்தவன் கவனிக்காமல் இடித்தானா என்பது தெரியாது.

பந்து வலது கீழ்ப்பகுதிக்கு இறங்கியதும் வேலை தலைகீழாகிறது. லீட் பந்தோடு. டிரெயில் உடனே பந்திலிருந்து கண்ணை எடுத்து, இடப்பக்கம் உள்ளே வெட்டி ஓடுபவர்களையும் அவர்களைப் பிடித்து நிறுத்துபவர்களையும் பார்க்க வேண்டும். கண்ணை எடுப்பது பழகினால்தான் வரும். பந்து காந்தம்போல இழுக்கும். பார்வையாளராக ஆண்டுக்கணக்கில் பந்தையே பார்த்து வந்த கண் அது. ஒரு பயிற்சி சொல்லித் தருகிறோம்: விசில் இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கால்பகுதி முழுக்க, அதாவது 10 நிமிடம், பந்தே இல்லாத பக்கத்தை மட்டும் பாருங்கள். ஸ்கோர் என்ன என்று தெரியாமல் போனால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

உள்ளே பாய்ந்து வரும்போது

அதிகச் சண்டை வரும் இடம் இதுதான். மேலிருந்து ஒருவன் பந்தைத் தரையில் தட்டியபடி கூடையை நோக்கிப் பாய்கிறான். அவனைக் காத்தவன் பக்கத்திலேயே ஓடிவருகிறான். கூடைக்குப் பக்கத்தில் இன்னொரு தடுப்பாட்டக்காரன் குறுக்கே வந்து நிற்கிறான். இங்கே யார் யாரைப் பார்ப்பது?

பாய்ச்சல் எந்த நடுவரின் பகுதியில் தொடங்கியதோ, அவரே பந்து வைத்திருப்பவனையும் அவனோடு முதலிலிருந்து ஓடிவரும் தடுப்பாளனையும் கடைசிவரை பார்ப்பார். டிரெயில் தன் பகுதியில் தொடங்கிய பாய்ச்சலைப் பாதியில் கைவிட்டு, 'இனி லீட் பார்த்துக்கொள்வார்' என்று நின்றுவிடக் கூடாது. பக்கவாட்டில் இடுப்பில் கை வைத்துத் தள்ளுவதும், பின்னாலிருந்து கையில் அடிப்பதும் கீழே நிற்கும் லீடுக்குத் தெரியாது. அவருக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஆட்டக்காரனின் உடம்பே இருக்கும். டிரெயிலுக்கு அது திறந்து தெரியும். தூரத்தில் நிற்பவர் ஊதுகிறார் என்று ஓரத்தில் குறைப்படுகிறார்களே, அந்த விசில்களில் பாதி இந்த வகைதான்.

குறுக்கே வந்து நிற்கும் இரண்டாவது தடுப்பாளன் லீடின் பொறுப்பு. லீட் பந்தைப் பார்க்காமல் அவனையே பார்க்க வேண்டும். அவன் இரு காலும் தரையில் பட எதிராளியை நோக்கி நின்றானா? தாவுபவன் கால் தரையைவிட்டு எழுமுன்பே அந்த இடத்துக்கு வந்துவிட்டானா? மோதல் மார்பில் பட்டதா, பக்கத்தில் நுழைந்த தோளில் பட்டதா? பந்தோடு வருபவனைக் காப்பதில் தூரமும் நேரமும் கணக்கில்லை. ஒரு அங்குலம் முன்னால் வந்து நின்றாலும், முதலில் வந்து சேர்ந்தான் என்றால் இடம் அவனுடையது. அப்போது அது சார்ஜ், அதாவது பாய்ந்து வந்தவன் மேல் ஃபவுல். வந்து சேரவில்லை என்றால் பிளாக், அதாவது தடுப்பாளன் மேல் ஃபவுல்.

கூடைக்குக் கீழே 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் ஒன்று இருக்கும். தடுப்பாளனின் கால் அதற்குள்ளோ அதன் கோட்டிலோ பட்டிருக்கும்போது, பந்தோடு அந்தரத்தில் வந்து எறியவோ பாஸ் செய்யவோ முயல்பவன் மோதினால் சார்ஜ் கிடையாது, கையையோ காலையோ உடம்பையோ முறைகேடாகப் பயன்படுத்தினால் தவிர. இந்தக் காலைப் பார்க்கும் வசதி லீடுக்கு மட்டுமே உண்டு. பழைய சிமென்ட் கோர்ட்டில் அரைவட்டம் அழிந்திருந்தால் ஆட்டத்துக்கு முன்பே சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துவிடுங்கள். பின்கோட்டின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டர் அளந்தால் வளையத்தின் மையத்துக்கு நேர்கீழ் வரும், அங்கிருந்து 1.25 மீட்டர் கயிறு.

எறிந்த பிறகு

பந்து கையைவிட்டுப் போனதும் எல்லோர் தலையும் மேலே திரும்பும். லீடின் தலை திரும்பக் கூடாது. பந்தின் பறப்பு, வளையத்தின் மேல் யாராவது கைவைக்கிறார்களா, கீழிறங்கும் பந்தைத் தட்டுகிறார்களா என்பதெல்லாம் டிரெயிலின் வேலை. லீட் பார்க்க வேண்டியது ரீபவுண்டுக்காக, அதாவது உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்காக, கீழே நடக்கும் தள்ளுமுள்ளு.

டிரெயிலுக்கு இங்கே வரிசையாக மூன்று வேலை. முதலாவது, எறிந்தவன். அவன் இரு காலும் தரைக்குத் திரும்பும்வரை எறியும் செயலில்தான் இருக்கிறான். இறங்கும் இடத்தில் தடுப்பாளன் காலை நுழைத்தால் கணுக்கால் போய்விடும். அதனால் பந்து போன திசையில் கண் உடனே ஓடக் கூடாது. அடுத்தது பந்தின் முடிவு. மூன்றாவது, வெளியிலிருந்து ஓடிவந்து அடுத்தவன் முதுகில் ஏறி ரீபவுண்ட் எடுப்பவர்கள். டிரெயில் செய்யும் பெரிய தவறு, பந்து எறியப்பட்டதும் திரும்பி மறுமுனைக்கு ஓடத் தொடங்குவது. அடுத்து தான்தான் லீட் ஆகப்போகிறோம் என்ற அவசரம். இரண்டடி உள்ளே வர வேண்டிய நேரத்தில் பின்வாங்கினால், முதுகில் ஏறும் ஃபவுலைப் பார்க்க ஆளே இருக்காது.

கோணம்தான் முதல், தூரம் அடுத்தது

மோதலுக்குப் பக்கத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் என்பது பாதி உண்மை. இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். இருவரும் ஒரே நேர்கோட்டில் உங்கள் முன்னால் நின்றால், இரண்டு மீட்டரில் இருந்தாலும் கை பட்டதா என்று சொல்ல முடியாது. ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், இடைவெளி திறக்கும்.

லீடுக்கு இதில் பெரிய எதிரி கோர்ட்டின் பின்பக்கச் சுவர். விதிப்படி எல்லைக்கோட்டைச் சுற்றி 2 மீட்டருக்குத் தடை எதுவும் இருக்கக் கூடாது. நம் பக்கத்துப் பள்ளி வளாகங்களில் காம்பவுண்ட் சுவரோ தூணோ அதற்குள் வந்துவிடுவதுண்டு. அப்படிப்பட்ட கோர்ட்டில் கூடைக்கு நேர்கீழே நிற்பதைக் கைவிட்டு, செவ்வகத்தின் விளிம்புக்கு வெளியே, மூன்று புள்ளிக் கோட்டுப் பக்கம் அகன்று, உடம்பைச் சாய்வாகத் திருப்பி நில்லுங்கள். பின்னால் கிடைக்காத தூரம் பக்கவாட்டில் கிடைக்கும்.

இன்னொன்று மழை. ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. திறந்தவெளி சிமென்ட் தரையில் ஈரமும் பாசியும் தங்கும். தொடாமலே வழுக்கி விழுகிறார்கள். மோதலின் தொடக்கத்தைப் பார்க்காத நடுவர் விழுந்த ஆளைப் பார்த்து ஊதிவிடுகிறார். தடுப்பாளனைத் தொடக்கத்திலிருந்தே பார்த்திருந்தால் இந்தத் தவறு வராது. அவன் எதுவும் செய்யவில்லை என்றால் விழுந்தவனுக்கு ஃபவுல் இல்லை.

இருவரும் ஒரே நேரத்தில் ஊதினால்

பகுதிகளுக்கு நடுவிலுள்ள எல்லை கத்தியால் கீறியதல்ல. இரண்டு விசிலும் சேர்ந்து வரும். அப்போது இருவரும் கைவிரல்களை மடக்கி முட்டியை மேலே தூக்குங்கள், அத்தோடு நிறுத்துங்கள். சார்ஜ் என்றோ பிளாக் என்றோ சைகை காட்டுவதற்கு முன் ஒருவரை ஒருவர் பாருங்கள். யார் பகுதியில் மோதல் நடந்ததோ, யாரை நோக்கி ஆட்டம் வந்ததோ, அவர் எடுத்துக்கொள்வார். மற்றவர் கையை இறக்கிவிடுவார். ஒருவர் சார்ஜ் என்றும் இன்னொருவர் பிளாக் என்றும் காட்டிவிட்டால் அந்தக் குழப்பத்திலிருந்து கௌரவமாக வெளியே வர வழியில்லை. ஒருவர் முட்டியும் மற்றவர் விரிந்த கையும் தூக்கியிருந்தால், அதாவது ஒருவர் ஃபவுலும் மற்றவர் டிராவல் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்து நடப்பது) போன்ற விதிமீறலும் கண்டிருந்தால், பக்கத்தில் வந்து இரண்டு வார்த்தை பேசி எது முதலில் நடந்தது என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்தவர் பகுதியில் ஊதலாமா? ஊதலாம், எப்போதாவது. பொறுப்புள்ளவரின் பார்வை முழுக்க மறைக்கப்பட்டு, மோதல் தெளிவாகவும் ஆட்டத்தைப் பாதிப்பதாகவும் இருந்தால் ஊத வேண்டும். ஆனால் ஒரு மூச்சு பொறுத்துத்தான். முதல் வாய்ப்பு அவருடையது. அவர் ஊதவில்லை என்றால், பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டாரா, பார்க்கவே முடியாமல் போனாரா என்று எண்ணிப் பாருங்கள். உரசல் எல்லாம் ஃபவுல் அல்ல. எதிராளியின் வேகத்தையோ சமநிலையையோ பந்தையோ கெடுக்காத சிறு தொடுதலை விட்டுவிடுவதும் தீர்ப்புதான். அவர் மூன்று மீட்டரில் நின்று விட்டதை நீங்கள் பத்து மீட்டரிலிருந்து ஊதினால், அந்த ஆட்டம் முடியும்வரை இருவரின் விசிலுக்கும் மதிப்பிருக்காது.

இந்தப் பங்கீட்டுக்கு உட்படாதவையும் உண்டு. நடுவரைத் திட்டுவது, பெஞ்சிலிருந்து வரும் அநாகரிகம், அடிதடி ஆகியவற்றை யார் கண்டாலும் ஊதலாம். அடிதடி என்றால் இரு நடுவரும் உள்ளே பாயக் கூடாது. ஒருவர் பக்கத்தில் போய் விலக்க, மற்றவர் தள்ளி நின்று யார் யார் பெஞ்சைவிட்டு இறங்கிவந்தார்கள் என்று எண்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

விசிலுக்குப் பிறகு

ஊதியவரே ஸ்கோர் எழுதுபவர்கள் உட்கார்ந்திருக்கும் டேபிளில் சொல்ல வேண்டும். மோதல் நடந்த இடத்தில் முட்டியை உயர்த்திவிட்டு, டேபிளுக்குத் தெளிவாகத் தெரியும் இடத்துக்கு வந்து நின்று, மூன்று சைகை: ஆட்டக்காரரின் எண், ஃபவுலின் வகை, ஃப்ரீ த்ரோவின் எண்ணிக்கை அல்லது பந்து போகும் திசை. நின்று காட்டுங்கள், ஓடிக்கொண்டே காட்டினால் 12 ஐ 21 என்று எழுதிவிடுவார்கள். ஐந்தாவது ஃபவுலில் ஒருவன் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் இது சிறு பிழை அல்ல. ஒரு கால்பகுதியில் அணியின் நான்கு ஃபவுல் முடிந்துவிட்டதா என்பதும் இங்கேதான் தெரியும். அதற்குப் பிறகு, பந்து தன் அணியிடம் இல்லாதபோது, எறியும் செயலில் இல்லாதவன் மேல் செய்யும் ஃபவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ.

அவர் டேபிளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் பத்து ஆட்டக்காரர்களும் மற்றவரின் பொறுப்பு. விசில் கேட்ட பிறகுதான் முறைத்துக்கொள்வார்கள், தோளால் இடிப்பார்கள். அவர் பந்தைப் பொறுக்கப் போகாமல் ஆட்களைப் பார்த்தபடி நிற்கட்டும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வது வழக்கம். ஒரே நடுவர் ஒரே அணியின் கூடைக்குக் கீழே ஆட்டம் முழுக்க நிற்காமலிருக்க அது உதவும்.

பந்து கைமாறினால் டிரெயில் மறுமுனைக்கு ஓடி லீட் ஆவார். லீட் பின்தொடர்ந்து வந்து டிரெயில் ஆவார். ஓடும்போதும் முகம் கோர்ட்டை நோக்கியே இருக்கட்டும். எதிரணி முழுக் கோர்ட்டிலும் நெருக்கிக் காத்தால் புது லீட் மறுமுனைவரை ஓடிவிடக் கூடாது. எட்டுப் பேர் பின்னால் இருக்க, அவர் மட்டும் தனியாகக் கூடைக்குக் கீழே நிற்பதில் யாருக்கும் பயனில்லை. கடைசி ஆட்டக்காரன் நிற்கும் மட்டத்தில் நின்று டிரெயிலுக்கு உதவ வேண்டும்.

மூவர் முறை, சுருக்கமாக

அமெரிக்காவின் என்பிஏ 1988-89 பருவத்திலிருந்து நிலையாக மூன்று நடுவர்களை வைத்திருக்கிறது. பெரிய சர்வதேசப் போட்டிகளிலும் இப்போது மூவர்தான். லீடும் டிரெயிலும் பந்து இருக்கும் பக்கமே நிற்பார்கள். மூன்றாமவர் சென்டர், எதிர்ப்பக்கம், ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சியில் நிற்பார். இருவர் முறையில் கைவிடப்பட்ட பகுதி முழுக்க அவருக்கு. தன் பக்கமிருந்து பாய்பவனையும், அந்தப் பக்க ரீபவுண்டையும், பின்னாலிருந்து வந்து அடிப்பவனையும் லீட் பக்கத்தில் இருந்தாலும் சென்டர்தான் ஊத வேண்டும். பந்து எதிர்ப்பக்கம் போய் அங்கேயே தங்கினால் லீட் கூடைக்குக் கீழே நடந்து அந்தப் பக்கம் போவார். உடனே சென்டர் டிரெயில் ஆவார், பழைய டிரெயில் சென்டர் ஆவார். லீட் நகர்ந்தால்தான் சுழற்சி. பந்து பறந்துகொண்டிருக்கும்போதும், ஒருவன் பாயத் தொடங்கிவிட்டபோதும் அவர் நகரக் கூடாது. பந்து கைமாறும்போது லீடும் டிரெயிலும் மாறுவார்கள். சென்டர் சென்டராகவே ஓடுவார்.

எந்த முறையானாலும் ஆட்டத்துக்கு முன் பேசிக்கொள்ளாமல் இறங்கக் கூடாது. நடுவரின் அதிகாரம் ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன் கோர்ட்டுக்கு வந்ததுமே தொடங்கிவிடும். அதற்கு முன்பே ஒரு ஓரமாக நின்று பேசி முடியுங்கள். "அண்ணே, இடப்பக்க மூலை த்ரீ பாயிண்ட் நான் டிரெயில்ல நின்னு பாத்துக்கிடுதேன். உள்ள போஸ்ட்ல நடக்கது நீங்க பாத்துக்கிடுங்க. சேந்து ஊதிட்டோம்னா முட்டியோட நிறுத்திக்கிடுவோம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஃபவுலுக்குப் பிறகு யார் எங்கே போவது, முழுக் கோர்ட் நெருக்கலில் யார் எங்கே நிற்பது, கால்பகுதி முடியும் நொடியில் கையைவிட்ட பந்தை யார் பார்ப்பது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். இருவர் முறையில் இந்தக் கடைசியது டிரெயிலுக்கு.

பயிற்சி ஆட்டங்களில் ஒரே ஒருவர்தான் விசிலோடு இருப்பார். அவர் நடுக்கோட்டில் நின்றபடி ஊதினால் போஸ்ட்டும் ரீபவுண்டும் தெரியாது. கூடைக்குக் கீழே நின்றால் வேகத் தாக்குதலைத் துரத்த முடியாது. ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சியை ஒட்டிப் பக்கவாட்டில், சென்டர் நிற்கும் இடத்தில் நிற்பதே இருப்பதில் நல்லது. பந்து யார் கையில் பட்டு வெளியே போனது என்று சொல்ல எதிர்க்கோட்டில் ஒரு மூத்த மாணவனை நிறுத்திக்கொள்ளலாம். ஃபவுல் சொல்லும் வேலையை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள்.